டயருக்கு நைட்ரஜனா, கராஜ் காத்தா?

சாட்ஸ்வர்த்வாசி:
ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். கிளம்புறதுக்கு முன்னாடி அங்கேயே நாலு டயருக்கும் 2.2 பார் அழுத்தத்துக்குக் காத்து அடிச்சேன். டர்பன் வந்து மறுநாள் காலையில் பார்த்தா நாலும் 2.0. இங்கே டயர் கடைக்காரர், "சாதாக் காத்து இப்படித்தான் கசியும், நைட்ரஜன் போடுங்க" என்கிறார். டயருக்கு 40 ரேண்ட். போடலாமா?

பக்கி ஓட்டி:
நாலு டயரும் பேசி வச்ச மாதிரி ஒரே ராத்திரியில் ஒரே அளவு கசியுமா அண்ணே? ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காத்தின் அழுத்தம் 0.8 பார் சொச்சம், டர்பனில் 1. கேஜ் காட்டுறது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. வான் ரீனன் கணவாய் இறங்கி வந்தா அந்த 0.2 போயிடும். நைட்ரஜன் அடிச்சிருந்தாலும் இதே 2.0தான்.

பீனிக்ஸ் அக்கா:
மலைக் கணக்கு சரி தம்பி. அதுக்காக நைட்ரஜனே ஏமாத்துன்னு ஆகாது. அமெரிக்காவில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்காரங்க 31 வகை டயரை ஒரு வருஷம் வச்சுப் பார்த்தாங்க. 30 பிஎஸ்ஐயில் தொடங்கி காத்து 3.5 இறங்கிச்சு, நைட்ரஜன் 2.2தான். விமான டயருக்கும் அதைத்தானே அடிக்கிறாங்க?

பக்கி ஓட்டி:
வருஷம் பூரா சேர்த்து 1.3 பிஎஸ்ஐ, அதாவது 0.09 பார்! காத்திலேயே 78 சதவீதம் நைட்ரஜன். விமானத்தில் அது தீக்குப் பயந்து. 1986-ல் மெக்சிகோவில் பிரேக் சூடேறி, காத்தடிச்ச டயர் வெடிச்சு விமானமே விழுந்தது, 167 பேர் போனாங்க. உங்க கார் பிரேக் அந்தச் சூட்டுக்குப் போகாது.

பீனிக்ஸ் அக்கா:
நீங்க வாராவாரம் அளக்கிற ஆள். நான் சர்வீசுக்கு விடும்போதுதான் டயர் பக்கமே திரும்புவேன். எனக்கு அந்த 1.3 லாபம்தான்.

பக்கி ஓட்டி:
கராஜில் பெட்ரோல் போடுறவர்கிட்ட சொன்னா அவரே பார்த்து அடிச்சுடுவார். கையில் நாலு சில்லறை கொடுங்க, போதும். ஆணி குத்தினா நைட்ரஜனும் இறங்கும் அக்கா.

பீனிக்ஸ் அக்கா:
ஆணிக்கு யார் என்ன செய்ய முடியும்! நான் போட்டது போட்டதுதான்.

சாட்ஸ்வர்த்வாசி:
கசிவு இல்லேன்னு தெரிஞ்சதே நிம்மதி. 160 ரேண்டை வேற எதுக்காவது வச்சுக்கிறேன். அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஜூலையில் மறுபடி மேலே போறோம். அங்கே 0.2 ஏறிடுமே, முன்னாடியே இறக்கிடணுமா?

பக்கி ஓட்டி:
தொடாதீங்க. ஜூலை நமக்குக் குளிர்காலம். 10 டிகிரி குளிர் கூடினா ஏறக்குறைய 0.1 பார் குறையும். இங்கே 20 டிகிரியில் அடிச்சுட்டு, அங்கே விடியக்காலம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது பாருங்க. உயரம் ஏத்தினதைக் குளிர் இறக்கி, திரும்ப 2.2 கிட்டயே காட்டும்.