இளக்கிய எலிக்குஞ்சை உண்ண மறுக்கும் இளம் கார்ன் பாம்பு

கேள்வி:
வணக்கம். உயிருள்ள எலிக்குஞ்சுகளை உண்டு பழகிய என் இளம் கார்ன் பாம்பு (வீட்டில் வளர்க்கப்படும் நஞ்சற்ற அமெரிக்க இனம்), உறைநிலையிலிருந்து இளக்கிய குஞ்சை நாக்கை நீட்டி முகர்ந்துவிட்டு விலகிப் போகிறது. அதை எப்படிச் சூடாக்கிக் கொடுப்பது என்று தெரிந்தவர்கள் கூறுங்கள்.

பதில் 1:
முதல் நாள் இரவே மூடிய பையில் இட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, மறுநாள் அந்தப் பையை வெந்நீரில் அமிழ்த்தி, குஞ்சு ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ் சூட்டை எட்டியதும், வயிற்றை மெல்ல அழுத்தி உள்ளே கட்டியாக எதுவும் தட்டுப்படவில்லை என்று உறுதிசெய்யுங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். சூடு சீராகப் பரவாமல் உள்ளே வெந்துவிடும். ஈரத்தைத் துடைத்து, நீண்ட இடுக்கியால் பிடித்து அசைத்துக் காட்டுங்கள்.

பதில் 2:
அப்போதும் தொடாவிட்டால், காற்றுத்துளையிட்ட சிறு டப்பாவில் பாம்பையும் இளக்கிய குஞ்சையும் சேர்த்து, கூண்டுக்குள்ளேயே இரவு முழுவதும் இருட்டில் விட்டுவையுங்கள். பல பாம்புக்குட்டிகள் இப்படித்தான் பழகுகின்றன. காலையில் மிஞ்சியதை எறிந்துவிடுங்கள், மீண்டும் உறையவைக்காதீர்கள். பாம்பின் கண்கள் பால்படர்ந்தாற்போல் வெளுத்திருந்தால் தோலுரிக்கப்போகிறது; அந்நாட்களில் உண்ணாமல் இருப்பது இயல்பே.

பதில் 3:
தின்றபின் 48 மணிநேரம் கையில் எடுக்காதீர்கள்; கக்கிவிடக்கூடும். சால்மோனெல்லா என்னும் குடல்நோய்க் கிருமி தொற்றும் அபாயம் உள்ளதால், சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தாமல், கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். உடல் மெலிந்துகொண்டே வந்தால், தாமதிக்காமல் ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.