சுண்ணாம்புச் சுவரில் நிழல் சரியாக வரவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். கானாடுகாத்தானில் எடுத்த போட்டோவை வைத்து, பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை 16க்கு 20 அங்குலக் கேன்வாஸில் அக்ரிலிக்கில் வரைகிறேன். கட்டம் போட்டு, பர்ன்ட் சியன்னாவை (செம்பழுப்பு நிறம்) நீர்க்கக் கலந்து முழுக்கப் பூசி, வானம், ஓடு, சுவர் என்று பின்னாலிருந்து முன்னால் வந்தாயிற்று, அதுவரை சரி. இறவாரத்துக்குக் கீழே சுவரில் விழும் நிழல்தான் வரவே மாட்டேன் என்கிறது. கறுப்பு கலந்தால் அழுக்குப் படிந்த மாதிரி ஆகிறது. அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா கலந்தால் தட்டில் அழகாக இருந்துவிட்டு, காய்ந்ததும் ஒரு படி கறுத்துப்போகிறது, ஓரத்தை மென்மையாக்கத் தூரிகையை நனைத்து வருவதற்குள் கோடாகக் காய்ந்துவிடுகிறது. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்க்கலாமா, இல்லை நிறத்தை ஊடுருவித் தெரியும்படி மெலிதாக்கும் கிளேசிங் மீடியத்தில் மெல்லிய அடுக்குகளாகப் போவதா? அப்புறம், போட்டோவில் தேக்குத் தூண் வெறும் கறுப்பாகத் தெரிகிறது. நேரில் அதில் தரையிலிருந்து எதிரொளித்து ஏறிய செம்மை இருந்தது, அது எனக்கு வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.