இல்லினாய் ரயிலடி ஊர்கள்: வளர்த்தது தண்டவாளமா, வடிகாலா?

தண்டவாளம்:
அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், கிழக்கே உள்ள ரான்டூல் போன்ற ஊர்களைப் பற்றி எழுதும்போது “உழவர்கள் வந்தார்கள், ஊர் உண்டானது, பிறகு ரயில் வந்தது” என்கிறார்கள். நடந்தது தலைகீழ். 1850 சட்டப்படி அமெரிக்க அரசு மாநிலத்துக்குக் கொடுத்து, மாநிலம் இல்லினாய் சென்ட்ரல் ரயில் கம்பெனிக்கு மாற்றிய நிலம் சுமார் 25.95 லட்சம் ஏக்கர். பாதைக்கு இருபுறமும் ஆறு மைல் வரை, ஒன்றுவிட்டு ஒரு செக்‌ஷன் (640 ஏக்கர்) கம்பெனிக்கு. இடையில் அரசிடம் மிஞ்சியதன் விலை ஏக்கருக்கு 1.25 டாலரிலிருந்து 2.50 ஆனது. அதுவரை குடியேறியவர்கள் தோப்போரம், ஓடையோரம் மட்டுமே இருந்தார்கள். விறகும் வேலி மரமும் அங்கேதான் கிடைத்தன. வெட்டவெளியில் வீடு எழும்பியது ரயில் பலகை கொண்டுவந்து இறக்கிய பிறகு. 1854-இல் பாதை அர்பானா என்ற ஊருக்கு இரண்டு மைல் மேற்கே போனது. அந்த ஸ்டேஷனைச் சுற்றி முளைத்ததுதான் இன்றைய ஷாம்பெய்ன் நகரம். ரான்டூல் என்ற பெயரே கம்பெனி இயக்குநர் ராபர்ட் ரான்டூலுடையது.

ஈரமண்:
ஊர் தோன்றியது ரயிலால், சரி. வளர்ந்தது? பனிப்பாறை தேய்த்துவிட்டுப் போன தட்டை நிலம் அது. தண்ணீர் ஓட வாட்டம் கிடையாது, அடியில் இறங்கவும் இறங்காது. வசந்தத்தில் வயல் குளமாக நின்றால் விதைப்பு தள்ளிப்போகும், வேர் அழுகும், கொசுவோடு குளிர்காய்ச்சலும் வரும். மேட்டு நிலம் வாங்கியவர் பிழைத்தார், பள்ளத்தை வாங்கியவர் கம்பெனிக்கு நிலத் தவணை கட்ட முடியாமல் திணறினார். ஸ்டேஷன் இருந்தும் சுற்றிலும் மேய்ச்சல் காடாகவே கிடந்த இடங்கள் ஏராளம். அவற்றை வயலாக்கியது, தண்ணீரை வடிக்க மண்ணுக்கடியில் பதித்த சுட்ட களிமண் குழாய்.

தண்டவாளம்:
தவணை தவறியதற்குச் சேறு மட்டும் காரணம் இல்லை. 1857 நிதி நெருக்கடியை விட்டுவிட்டீர்கள். உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் காசுக்குப் பதில் மக்காச்சோளத்தையே கம்பெனி தவணையாக வாங்கிக்கொண்டது. சோளத்தை ஏற்றி அனுப்ப வழி இருந்ததால்தானே அது முடிந்தது!

கொழுமுனை:
இருவரும் மண்ணைக் கிழித்த வேலையைத் தாண்டிப் போகிறீர்கள். புல்வேர் பின்னிய அந்தத் தரையைப் பிளக்க, பெரிய கலப்பைக்கு நாலைந்து ஜோடி எருது பூட்ட வேண்டும். வார்ப்பிரும்புக் கொழுவில் கரிசல் அப்பிக்கொள்ளும், அடிக்கடி நிறுத்திச் சுரண்ட வேண்டும். 1837-இல் ஜான் டீர் செய்த மெருகேற்றிய எஃகுக் கலப்பையில் மண் வழுக்கி விழுந்தது. முதல் வருடம் புரட்டிய புல்தரையைக் கோடரியால் கொத்தி மக்காச்சோளம் ஊன்றுவார்கள், விளைச்சல் சொற்பம். புல்வேர் மக்கிய பிறகே நல்ல வெள்ளாமை.

ஈரமண்:
உழுதாலும் தண்ணீர் வடிய வேண்டுமே. குழாய் பதிக்கும் முறையைப் பாருங்கள். தண்ணீர் வெளியேறும் வாயில் தொடங்கி மேட்டை நோக்கி மூன்று, நான்கு அடி ஆழம் வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரடி நீளத் துண்டுகளை முனையோடு முனை முட்டவைத்து அடுக்குவார்கள். பூச்சு கிடையாது, அந்த இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வரும். நூறு அடிக்கு ஒரு வரிசை என்றால் ஏக்கருக்குச் சுமார் 435 துண்டு. ஒரே ஒரு துண்டு அமுங்கினாலும் அங்கே வண்டல் படிந்து மேலே உள்ள வரிசை முழுதும் அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் வில்லோ மரம் நின்றால் வேர் இடுக்கில் புகுந்துவிடும். இன்னொரு சிக்கல், என் தண்ணீர் உங்கள் வயலில் வந்து விழும். அதனால்தான் 1879-இல் இல்லினாய் வடிகால் சட்டங்கள் வந்தன: நிலக்காரர்கள் சேர்ந்து வடிகால் மாவட்டம் (பொது வடிகாலுக்கான கூட்டமைப்பு) அமைக்கலாம், பலன் பெறும் அளவுக்கு ஏற்ப வரி.

தண்டவாளம்:
அந்தக் குழாயைச் சுட நிலக்கரி எதில் வந்தது? மரமில்லாத வெளியில் சூளை எரிந்ததே ரயிலை நம்பித்தான். விளைந்ததைக் கொண்டுபோவதையும் பாருங்கள். உதிர்த்த மக்காச்சோளம் புஷலுக்கு (தானியம் அளக்கும் அளவு) 56 பவுண்டு. வண்டிக்கு 50 புஷல் என்றால் 2,800 பவுண்டு. மழைக்காலத்தில் அந்தக் கரிசலில் சக்கரம் அச்சு வரை புதையும். சுமார் பத்து மைலுக்கு ஒரு ஸ்டேஷனும் அருகிலேயே தானியக் களஞ்சியமும் இருந்ததால்தான் காலையில் கிளம்பிய வண்டி பொழுது சாய்வதற்குள் திரும்ப முடிந்தது.

ஈரமண்:
நிலக்கரி விஷயத்தை ஏற்கிறேன். ஆனால் சக்கரம் புதைந்ததும் அதே தண்ணீரால்தான். வடிகால் வெட்டாத பாதையில் ஐந்து மைலும் ஐம்பது மைல்தான்.