ரால்ஃப் ஷாரன்: பாடகருக்காக வாசித்த ஜாஸ் பியானோ கலைஞர்

கேள்வி:
அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட்டின் பழைய இசைத்தட்டுகளைச் சில மாதங்களாகக் கேட்டு வருகிறேன். கேட்கக் கேட்க என் காது ரால்ஃப் ஷாரனின் பியானோவுக்கே போய்விடுகிறது. 1923இல் லண்டனில் பிறந்து, இங்கிலாந்தின் டெட் ஹீத் நடத்திய இசைக்குழுவில் வாசித்து, 1953இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர்; தம் பெயரிலேயே குழு நடத்தும் திறன் படைத்தவர். அப்படிப்பட்டவர் 1957 முதல் பென்னட் என்ற ஒரு பாடகருக்குப் பக்கவாத்தியம் வாசிக்க அமர்ந்தது, ஜாஸ் கலைஞர் என்ற முறையில் அவருக்கு இழப்பில்லையா?

பதில் 1:
இழப்பு என்று நான் கருதவில்லை, நண்பரே. இனிப்பான மென்பாடல்களையே பாடிக்கொண்டிருந்தால் நெடுநாள் நிலைக்க முடியாது என்று பென்னட்டிடம் எடுத்துச் சொன்னவரே ஷாரன்தான். அதன் பிறகுதான் ஆர்ட் பிளேக்கி, ஜோ ஜோன்ஸ், சிகோ ஹாமில்டன் முதலிய டிரம்ஸ் கலைஞர்களை முன்னிறுத்தி ஓர் இசைத்தட்டு வந்தது. ஜாஸ் இசைக்குழுத் தலைவர் கவுன்ட் பேஸியின் குழுவோடு பென்னட் பாடியபோதும் இசைக்கோப்பு ஷாரனுடையது. பாடகரையே ஜாஸின் பக்கம் திருப்பியவரை அடங்கிப்போனவர் என்று எப்படிச் சொல்வது?

பாடல் தேர்விலும் அவர் கை இருந்தது. ஜார்ஜ் கோரி, டக்ளஸ் கிராஸ் என்ற இருவர் கொடுத்த இசைத்தாள்களை அவர் சட்டை வைக்கும் இழுப்பறையில் போட்டு மறந்திருந்தார். 1961இல் சான் பிரான்சிஸ்கோ நிகழ்ச்சிக்குப் புறப்படும் பயணத்துக்காகச் சட்டைகளை எடுத்தபோது, அடியில் கிடந்த அந்தத் தாள்களில் அதே நகரத்தைப் பற்றிய பாடல் ஒன்று இருக்கக் கண்டார். வழியில் ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸில், ஓர் இரவு நிகழ்ச்சி முடிந்ததும் ஷாரனும் பென்னட்டும் அதை வாசித்துப் பார்த்தார்கள். 1962இல் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் வெளிவந்த அந்தப் பாடல்தான் பென்னட்டின் அடையாளமாக நிலைத்தது.

பதில் 2:
மேலே உள்ளதை ஏற்கிறேன். ஆனால் கேட்டவரின் கவலையும் வெறுமையானதன்று. ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பல ஆண்டுகள் வாசித்த பியானோ கலைஞர் டாமி ஃபிளனகன், அதற்கு முன்பே சாக்ஸபோன் கலைஞர்கள் சானி ராலின்ஸ், ஜான் கோல்ட்ரேன் ஆகியோரின் புகழ்பெற்ற ஒலிப்பதிவுகளில் இடம்பெற்றவர். அத்தகையவர் 1978இல் அந்தப் பாடகியை விட்டு விலகித் தம் மூவர் குழுவை நடத்தத் தொடங்கிய பிறகே முழு உயரத்தில் பார்க்கப்பட்டார். ஷாரனும் 1960களின் நடுவில் பென்னட்டைப் பிரிந்து சென்றவர்தான் என்றாலும், மீண்டும் வந்து 2002 வரை உடன் இருந்தார். இருவருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

கேட்டவர்:
நன்றி. சிறு மேடைகளில் பாடுபவர்களுக்கு வாசிப்பவன் என்பதால்தான் இதைக் கேட்டேன். பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியைக் கண்டாலே அதை நிரப்ப என் விரல்கள் துடிக்கின்றன.

பதில் 3:
அப்படியானால், பாடகர் ஃபிராங்க் சினாட்ராவுக்கு பியானோ கலைஞர் பில் மில்லர் வாசித்ததைக் கேளுங்கள். 1958இல் வெளிவந்த இசைத்தட்டில், நள்ளிரவு மதுக்கடையில் ஒருவன் மனம்விட்டுப் பேசுவதாக அமைந்த ‘ஒன் ஃபார் மை பேபி’ என்ற பாடல் ஒன்று உண்டு. ஆள் ஓய்ந்த கடையின் மூலையில் யாரோ தமக்காகவே வாசிப்பதுபோல மில்லர் தொடங்குவார். குரல் வந்த பிறகும் அந்த நடை மாறாது. நீங்கள் சொல்லும் இடைவெளிகளில் அவர் எத்தனை சுரங்களை வாசிக்கிறார் என்று ஒருமுறை எண்ணிவிட்டு, அதே பாடலை உங்கள் பாடகருடன் வாசித்துப் பாருங்கள்.