பழைய சாவியில் டாலர், காதணி: துரு, ரோஸ் திட்டு, காயாத ரெசின்

மூடுபனி, கொடைக்கானல்

வணக்கம்ங்க. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய சாவிகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. மாங்காய்ப் பூட்டுச் சாவி, டிரங்குப் பெட்டிச் சாவி, பீரோ சாவி எல்லாம் கலந்து கிடக்கிறது. கூடவே ஓடாத கைக்கடிகாரங்கள் சில, கோட்டுப் பித்தான்கள், ரோட்டோரம் பொறுக்கிய யூகலிப்டஸ் காய்கள். இவற்றை வைத்து டாலரும் காதணியும் செய்கிறேன். நாலு இடத்தில் இடிக்கிறது.

வினிகரும் உப்பும் போட்டு இரவு முழுக்க ஊறவைத்ததில் பித்தளைச் சாவிகளில் ரோஸ் திட்டுகள். அதே கிண்ணத்தில் கிடந்த இரும்புச் சாவிகளில் செம்பு முலாம் பூசின மாதிரி ஒரு படலம். துடைத்து வைத்தால் மறுநாளே துரு. டாலரைக் கழுத்தில் போட்டால் சாவி முகம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறது. சாவித் தலைக்குள் ஊற்றிய எபாக்சி ரெசின் (இரண்டு திரவம் கலந்து இறுகும் பிசின்) மூன்று நாளாகியும் பிசுபிசு. கடைசியாக மேலே வார்னிஷ் அடிப்பதா, மெழுகு போதுமா? விற்கப்போகிற சரக்கு, அதனால்தான் கேட்கிறேன்.

அரத்தூள், திண்டுக்கல்

முதலில் உலோகத்தைப் பிரிங்க. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாததைச் சாவிப் பல்லின் உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க. மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. மேலே வெள்ளை, கீழே மஞ்சள் என்றால் நிக்கல் பூசிய பித்தளை. சாம்பல் வெள்ளையாக, அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் துத்தநாகக் கலவை. 'ஆன்டிக்' என்று ஆன்லைனில் பாக்கெட் போட்டு விற்பவை பெரும்பாலும் இந்த ரகம்தான். ஓரத்தில் அச்சுக் கோடு தெரியும், எடையும் குறைவு. இதை நெருப்பில் காட்டவே கூடாது. 400 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். உலோகத்தைப் பற்றவைக்கும் வெள்ளிப் பொடி உருகி ஓட 650 டிகிரிக்கு மேல் வேண்டும். அதாவது பற்றவைக்கிற பேச்சே இல்லை, வளையமோ, இரண்டு பக்கமும் தட்டி இறுக்கும் ரிவெட் ஆணியோதான்.

ரோஸ் திட்டு எப்படி வந்தது என்றால், பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளிப்பும் உப்பும் சேர்ந்து நெடுநேரம் இருந்தால் துத்தநாகம் கரைந்து வெளியேறுகிறது, செம்பு மேலே தங்குகிறது. இன்னொன்று, தண்ணீரில் கரைந்த செம்பு பக்கத்தில் இரும்பு கிடந்தால் அதன்மேல் போய்ப் படியும். உங்கள் இரும்புச் சாவியில் இருப்பது அந்தப் படலம்தான். பட்டறைக்காரர்கள் புளிப்புத் தண்ணீருக்குள் இரும்புக் குறடு போடவிடாததற்கும் காரணம் இதுவே.

திட்டு மேலோட்டமானதுதான், பயப்பட வேண்டாம். வழவழப்பான சாவி என்றால் 600, அப்புறம் 1000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். வேலைப்பாடு உள்ள தலை என்றால் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த தண்ணீரும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் பாதிக்குப் பாதி கலந்து, ஜன்னல் பக்கம் வைத்துச் சில நிமிடம் மட்டும் போட்டு எடுங்கள். கலவையை மூடி போட்டு எடுத்து வைக்காதீர்கள், வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். இனிமேல் பித்தளைக்குப் புளி போதும். பத்து நிமிடம், ஒரு பழைய பல் பிரஷ், நல்ல தண்ணீரில் அலசல், உடனே துடைப்பு. வேண்டாத இடத்துக் கறுப்பை எடுத்துவிட்டு, பள்ளத்தில் இருக்கும் கறுப்பை அப்படியே விட்டால்தான் பழைய சாவி பழைய சாவியாக இருக்கும். பளபளவென்று மின்னும் பழைய சாவியை யார் வாங்குவார்கள்?

இரும்புக்கு வேறு வழி. மண்ணெண்ணெயில் ஒரு இரவு, பிறகு கம்பி பிரஷ். மிச்சத் துருவுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு. அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் விட்டால் நல்ல இரும்பையும் அரித்துக் குழி விழும். எடுத்ததும் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் முக்கி, கொதிக்கிற தண்ணீரில் அலசுங்கள். அந்தச் சூட்டிலேயே ஈரம் பறந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் அலசித் துணியில் பரப்பினால், கொடைக்கானல் மாதிரி ஊரில் அரை மணி நேரத்தில் ஆரஞ்சு நிறம் வந்துவிடும்.

குழல் சாவி இருந்தால் கவனம். தண்டுக்குள் ஓட்டை இருக்கும், அதற்குள் தண்ணீர் ஒளிந்துகொள்ளும். வெளியே சுத்தமாக இருக்கும் சாவி பத்து நாள் கழித்து வாயிலிருந்து பழுப்பாக ஒழுகி, போட்டிருப்பவரின் சட்டையில் கறை வைக்கும். பஞ்சுத் திரியை உள்ளே விட்டு ஈரம் எடுத்து, ஹேர் டிரையரில் நன்றாகச் சூடாக்கி, உருக்கிய தேன்மெழுகை ஊற்றிக் குழலையே அடைத்துவிடுங்கள்.

பழைய பூட்டுப் பித்தளையில் கடைசல் (லேத்) வேலைக்காக ஈயம் கலந்திருப்பது சகஜம். ஈரம் தொட்டே தேய்க்கணும், முகமூடி போடணும், சாப்பாட்டு மேசை பக்கமே போகக் கூடாது. குழந்தைகளுக்கான நகையாக விற்காதீர்கள், வாயில் வைப்பார்கள்.

வெங்காரம், பழனி

டாலர் திரும்புவது வளையக் கணக்கு. சாவித் தலை தட்டை, ஓட்டை முன்னிருந்து பின்னாக. அதில் ஒரு வளையம் கோர்த்து, அந்த வளையத்துக்குள் நேராகச் செயினை ஓட்டினால் சாவி முகம் காட்டும். இரண்டு வளையம் போட்டால் கால் சுற்று திரும்பி விளிம்பு காட்டும். மூன்று போட்டால் மறுபடி முகம். ஆக, தலை ஓட்டையில் தொங்கவிட்டால் ஒன்று அல்லது மூன்று. சாவியைத் தலைகீழாகத் தொங்கவிடத் தண்டின் நுனியில் பக்கவாட்டாகத் துளை போட்டிருந்தால் இரண்டு. இது சரியாக இருந்தும் சாவி சாய்கிறது என்றால் பல் ஒரு பக்கம் கனக்கிறது, வளையம் தலைக்குள் வழுக்கிப் போகிறது. தலையின் உள் உச்சியில் ஊசி அரத்தால் அரை மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு போடுங்கள், வளையம் அங்கேயே உட்காரும்.

வளையக் கம்பி 18 கேஜ், அதாவது சுமார் 1 மி.மீ.; உள்விட்டம் 6 மி.மீ. இரண்டு குறடால் பிடித்து ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே திருகித் திற. அகட்டித் திறந்தால் வட்டம் கெட்டு வாய் மூடாது. கனமான சாவிக்கு வளைய வாயைப் பற்றவைத்துவிட்டால் நிம்மதி, வெங்காரம் (போராக்ஸ்) தடவி வெள்ளிப் பொடி வைத்து ஒரு ஊது. ஆனால் சாவியைக் கோர்க்கும் முன்பே ஒரு வளையத்தைப் பற்றவைத்துவிட முடியாது என்பதால், தீ சாவித் தலைக்கும் எட்டும். அதனால்தான் அரத்தூள் அண்ணன் சொன்ன உலோகச் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள்.

துளை போடும்போது சென்டர் பஞ்சால் (குழி போடும் கூர் உளி) அடித்து, முதலில் 1 மி.மீ., பிறகு 2 மி.மீ. பித்தளையில் துளைக்கும் பிட் மறுபக்கம் வெளிவரும் நொடியில் கவ்வி இழுத்துச் சாவியையே சுழற்றிவிடும். விரலால் பிடிக்கவே கூடாது; தோல் சுற்றி வைஸில் (பட்டறைக் கவ்வி) கட்டுங்கள். இரும்புக்கு ஒரு சொட்டு எண்ணெய், மெதுவான சுற்று.

காதணிக்கு 2 அங்குலப் பித்தளைச் சாவி வேண்டாம், ஒன்றே 10 கிராம் அளவுக்கு வரும். காது ஒன்றுக்கு 5 கிராமுக்குள் நிற்பது நல்லது. சூட்கேஸ் சாவி, சின்னப் பெட்டிச் சாவி சரியாக இருக்கும். ஹூக் 925 வெள்ளி அல்லது டைட்டானியம். நிக்கல் பூச்சு உள்ள சாவி கழுத்தில் உரசினால் சிலருக்கு அரிப்பு வரும், பின்பக்கம் மெல்லிய தோல் ஒட்டுங்கள்.

கடிகாரச் சக்கரத்தைச் சாவியில் பசை வைத்து ஒட்டுவதைவிட ரிவெட் மேல். 1.2 மி.மீ. பித்தளைக் கம்பி, இரண்டு பக்கமும் 0.6 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கணும். அதற்கு மேல் நீண்டால் அடிக்கும்போது வளையும், குறைந்தால் பிடிக்காது. சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டணும், ஓங்கி அடிக்கக் கூடாது. இரும்பும் பித்தளையும் நேராகத் தொட்டால் ஈரத்தில் இரும்புதான் முதலில் துருப்பிடிக்கும். நடுவில் ஒரு தோல் வில்லை வையுங்கள்.

இன்னொன்று. பீரோ சாவி இன்னும் யாரோ ஒருவர் வீட்டு பீரோவைத் திறக்கக்கூடும். போட்டோ போடும் முன் ஒரு பல்லை ராவிவிடுங்கள்.

பேத்துப்பாறை

ரெசினுக்கு நான் சொல்கிறேன். கொடைக்கானலில் ஜன்னலோரத்தில் வைத்தால் காயாது, 20 டிகிரிக்குக் கீழே எபாக்சி தூங்கிவிடும். முதலில் நோயைக் கண்டுபிடிங்க: பிசுபிசுக்கும் துண்டை 30–35 டிகிரி சூட்டில் ஒரு நாள் வையுங்கள். இறுகினால் குளிர்தான் காரணம். இறுகவே இல்லை என்றால் அளவு தப்பு அல்லது கலக்கியது போதவில்லை. அது எந்த ஜென்மத்திலும் காயாது, சுரண்டி எடுத்துவிட வேண்டியதுதான்.

பாட்டில் இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்த பிறகு அளக்கணும். குளிரில் கெட்டியாக இருப்பதைக் கலக்கினால் குமிழி வெளியேறாது. பாட்டிலில் எடைக் கணக்கா, கொள்ளளவுக் கணக்கா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. மூன்று நிமிடம், ஓரம், அடி எல்லாம் வழித்துக் கலக்கணும். சாவித் தலையின் அடியில் செலோ டேப்பை அழுத்தி ஒட்டி, பாதி ஊற்றி, ஆறு மணி நேரம் கழித்து மீதி. மேலே கவிழ்க்க ஒரு அட்டைப் பெட்டி, உள்ளே 40 வாட் குண்டு பல்ப், அட்டையைத் தொடாமல். ஒரு நாளில் கை வைக்கலாம், அணிய மூன்று நாள். மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் இருந்தால் அது பனி ஈரத்தின் வேலை, சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அடுத்த பூச்சு போடலாம்.

யூகலிப்டஸ் காய் பச்சையாகத் தெரியாவிட்டாலும் உள்ளே ஈரம் இருக்கும். 60 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம். மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது மெழுகு, அதன்மேல் ரெசின் ஒட்டாது. ஸ்பிரிட்டால் துடைத்து, பிரஷ்ஷால் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்ட பிறகே ஊற்றுங்கள். இல்லாவிட்டால் காய்க்குள் இருக்கும் காற்று குமிழியாகக் கிளம்பிக்கொண்டே இருக்கும்.

மேல்பூச்சில் என் கட்சி: பித்தளைக்கு அக்ரிலிக் ஸ்பிரே, இரும்புக்கு மெழுகு. இரும்புச் சாவியின் கூர்விளிம்பில் வார்னிஷ் மெல்லிசாகத்தான் நிற்கும், அங்கே உடைந்து, துரு படலத்துக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும். சரிசெய்ய முழுசும் உரிக்கணும். மெழுகு போனால் சூடாக்கி மறுபடி தேய்த்தால் முடிந்தது. ஸ்பிரே அடிப்பதை வெயில் இருக்கிற மதியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனியில் அடித்தால் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் படிந்து, பூச்சு பால் மாதிரி வெளுக்கும்.

மூடுபனி

ரொம்ப நன்றி. காந்தம் வைத்துப் பிரித்தாயிற்று, பாதிக்கு மேல் இரும்பு. கைக்கடிகார முள்ளில் பச்சையாகப் பூசியிருக்கிறது, அதைச் சுரண்டிவிட்டுப் பயன்படுத்தலாமா? தெர்மாமீட்டர் குழாய் மாதிரி கண்ணாடித் துண்டுகளும் ஒரு பொட்டலம் சும்மா கிடைத்தது.

வெங்காரம், பழனி

இரண்டும் வேண்டாம். 1960களுக்கு முந்தைய கடிகாரங்களில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசினார்கள். இப்போது ஒளிராவிட்டாலும் கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருடம். சுரண்டினால் தூள் மூச்சுக்குள் போகும். முள்ளையும் டயலையும் தொடாமல் மூடி ஒதுக்குங்கள். பூச்சுத் தூள் உள்ளே உதிர்ந்திருந்தால் சக்கரத்தையும் எடுக்காதீர்கள்.

கண்ணாடி விஷயம் கொடைக்கானல்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2001-ல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி கண்டுபிடிக்கப்பட்டுத்தான் தெர்மாமீட்டர் தொழிற்சாலை மூடப்பட்டது. மூலம் தெரியாத மெல்லிய கண்ணாடிக் குழாயை உடைக்காமல், சூடாக்காமல், பிளாஸ்டிக் டப்பாவில் மூடி ஒதுக்கி வையுங்கள்.

அரத்தூள், திண்டுக்கல்

காட்டில் பொறுக்குவதும் அப்படித்தான். காட்டுமாட்டுக் கொம்பு, உதிர்ந்து கிடக்கும் கடமான் கொம்பு எதுவாக இருந்தாலும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் மாட்டும், விற்றால் இன்னும் சிக்கல். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் காய் பொறுக்குவதும் வேண்டாம், ரோட்டோர மரத்தடியில் கிடைப்பதே போதும்.

அட்டையில் 'திண்டுக்கல் பூட்டுச் சாவி' என்று எழுதுவதாக இருந்தால் உண்மையாகவே அந்தச் சாவிக்கு மட்டும் எழுதுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பெயர் அது. கலப்படப் பையில் எது எது என்று தெரியாவிட்டால் 'பழைய இரும்புச் சாவி' என்றே போடுங்கள், கூடவே 'தண்ணீர் பட்டால் துடைக்கவும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகு தேய்க்கவும்' என்று ஒரு வரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடையில் தொங்கவிடாமல் சிலிக்கா ஜெல் போட்ட ஜிப் கவரில் வைக்கச் சொல்லுங்கள்.