பூங்காப் பட்டியலில் இல்லாத பூவரசை ஆய்வில் எப்படிக் கணக்கெடுப்பது?

உடைமரம்:
வணக்கம். நகரப் பசுமை இடங்களும் சமூக நிலைத்தன்மையும் என்ற தலைப்பில் பிஎச்டி, இரண்டாம் வருடம். களம் என் சொந்த ஊர்தான். மண்டபத்துக்கும் தொண்டிக்கும் நடுவே ஒரு கரையோரச் சிறுநகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரைச் சொன்னால் பூங்கா யார் பொறுப்பில் இருக்கிறது என்று தெரிந்துபோகும்.

செயற்கைக்கோள் படத்தில் என்டிவிஐ (பசுமையின் அளவைக் காட்டும் குறியீடு) போட்டால் ஊரைச் சுற்றி ஒரே பச்சை. நேரில் போனால் அத்தனையும் சீமைக்கருவேலம். முள்ளுக்குள் யார் போய் உட்காருவது? பட்டியலில் இருக்கும் ஒரே பூங்கா சாயங்காலம் ஐந்து மணி வரை பூட்டிக் கிடக்கும். நடுவில் புல்தரை, மிதிக்கக் கூடாதாம். ஓரத்தில் வரிசையாக நெட்டிலிங்கம். அந்த நிழலில் ஒரு கோழிகூட ஒதுங்க முடியாது. இரும்பு பெஞ்சு தோசைக்கல்லாகக் கொதிக்கும்.

இருநூறு அடி தள்ளி ஊரணிக்கரையில் ஒரு பூவரசு. மூன்று மணிக்கே அங்கே பாய் விரித்துவிடுகிறார்கள். நோட்டோடு ஐந்து நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஓலைக் கொட்டான் முடைகிற பெண்கள் ஏழெட்டுப் பேர், நிழல் நகர நகரப் பாயையும் கிழக்கே இழுத்துக்கொண்டே போகிறார்கள். ஐந்து மணிக்குப் பாய் பாதிப் பாதையில் கிடக்கிறது, சைக்கிள்காரர்கள் சுற்றிப் போகிறார்கள். யாருக்குச் சீட்டு விழுந்தது, எந்தப் படகு இன்னும் கரை திரும்பவில்லை, எல்லாப் பேச்சும் அங்கேதான்.

என் கைடு, “தலைக்கு எத்தனை சதுர மீட்டர் பூங்கா, அதைக் கொண்டு வா” என்கிறார். அப்படிப் போனால் பூவரசு கணக்கிலேயே வராது. என்ன செய்ய?

நிழல்கணக்கு:
படம் எந்த மாதத்தது? மழை முடிந்த டிசம்பர், ஜனவரியில் உங்கள் பக்கம் புல்லும் பச்சை, வயலும் பச்சை. மே மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் பச்சையாக நிற்பதில் கருவேலம் எவ்வளவு என்று நடந்துபோய்ச் சரிபார்த்துக் கழிக்கலாம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டமே 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒற்றைப் பூவரசு அதில் கரைந்துவிடும்.

தலைக்கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2016-ல் போட்ட அறிக்கை வீட்டிலிருந்து பசுமை இடத்துக்குச் சுமார் 300 மீட்டர் தூரத்தைத்தான் அளவாக வைக்கிறது. ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்கு 11.7, பொதுப் பசுமை இடம் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்று, பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் எனப் பெயர் சொல்லியே கேட்கிறது. பூட்டிய கேட் 300 மீட்டரில் இருந்து என்ன பயன்?

கைடு ஆதாரம் கேட்டால் குவோ, சல்லிவன் குழுவின் 1998 ஆய்வைக் கொடுங்கள். சிகாகோவின் பொதுக் குடியிருப்பில், மரம் நின்ற பொது இடங்களை ஒட்டி அக்கம்பக்க உறவு வலுவாக இருந்ததைக் காட்டியிருப்பார்கள். ஆட்களை எண்ணுவதற்கு சோபார்க் (பூங்காவில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக் குறிக்கிற முறை) படிவம் போதும்.

பழைய கணக்கர்:
தங்கச்சி, நான் நம்ம மாவட்டத்தில் விஏஓவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரணி நீர்நிலைப் புறம்போக்கு என்றல்லவா பதிவாகியிருக்கும்? பூங்காப் பட்டியலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்! ‘அ’ பதிவேட்டையும் (கிராம நிலப் பதிவேடு) புலப்படத்தையும் (சர்வே எண் வாரியான நில வரைபடம்) எடுத்து, ஊரணி, குளக்கரை, மந்தை எல்லாவற்றையும் சர்வே எண் வாரியாகக் குறி. பிறகு மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சுற்றி வந்து எங்கே ஆள் இருக்கிறது என்று பார்.

இன்னொன்று. கருவை யாருக்கும் ஆகாது என்று எழுதிவிடாதேம்மா. கரி மூட்டம் போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த வீடுகள் இங்கே எத்தனையோ. அடுப்புக்கு விறகும் அதுதான். நிலத்தைக் கெடுக்கிறது, வெட்டணும் என்கிற சண்டை தனி, அதில் நானும் வெட்டச் சொல்கிற கட்சிதான். ஆனால் முள்ளுக்குள் யார் போகிறார்கள் என்று கேட்டாயே, விறகு வெட்டுகிறவளைக் கேள்.

உடைமரம்:
அண்ணே, இது உறைக்கிறது. விறகுக்கட்டோடு வருகிறவர்களை எதிரே பார்த்துக்கொண்டேதான் அந்த வரியை எழுதியிருக்கிறேன்.

நிழல்கணக்கு, சோபார்க் படிவத்தை நேற்றே எடுத்துப் போனேன். உட்கார்ந்திருப்பது, நடப்பது, வேகமான அசைவு என்று மூன்றே கட்டம். பூவரசடியில் எல்லாரும் “உட்கார்ந்திருப்பது”. கொட்டான் முடைகிற கையை எந்தக் கட்டத்தில் போடுவது?

நிழல்கணக்கு:
நாலாவதாகக் “கைவேலை” என்று நீங்களே ஒரு கட்டம் சேருங்கள். சேர்த்த காரணத்தை முறையியல் அத்தியாயத்தில் எழுதுங்கள். பாய் கிடந்த இடத்தையும் மணிக்கு ஒரு தடவை வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.