புதுப்பிப்பு: வளைந்த கண்ணாடியில் பச்சைப் பாசி
மீன்தொட்டியின் வளைந்த முகப்பில் காந்தத் துடைப்பான் படியவில்லை, பச்சைப் புள்ளிகள் போகவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. பிளேடு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்; குறுக்கே வைத்தால் வளைவில் அதன் இரு முனைகளும்தான் படும், கீறிவிடும். கைகொடுத்தது காலாவதியான ஏடிஎம் கார்டு. லேசாக வளைத்து அழுத்தி மேலிருந்து கீழே இழுத்தால், பாசி செதில் செதிலாக உரிந்து வருகிறது. மணலுக்கு இரண்டு விரல் மேலேயே நிறுத்திவிடுவேன். ஒரு துகள் இடையில் சிக்கினாலும் கோடு விழும். உதிர்ந்ததைத் தண்ணீர் மாற்றும்போதே குழாயால் உறிஞ்சிவிடலாம்.

அப்புறம், வெளிச்சம் அதிகமானால் பாசி மறுபடி வளரும் என்பதால் விளக்குக்கு டைமர் போட்டாயிற்று, நாளுக்கு எட்டு மணி நேரம்தான். நெரைட் நத்தை விடச் சொன்னவருக்கு: பாசியை நன்றாகத் தின்னும், சரி. ஆனால் அது ஒட்டிவைக்கும் வெள்ளை முட்டைகளை யார் சுரண்டுவது?